மழை அரக்கன் கேசட்டை நான் என்ன செய்தேன்

தம்பி சேகர், நீ கொடுத்த வேலையை முடிக்காமல்தான் இதை எழுதுகிறேன். 'ரிங்லெட் கடைத்தெருவில் அஞ்சலை அத்தையைப் பார்த்தேன், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்தக் கேசட் அரக்கன் மாதிரியே குறட்டை விட்டுக் காட்டினார்கள், வயிறு வலிக்கச் சிரித்தேன்' என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். 'உங்களுக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லை, என் கல்யாணத்தில் தாலித் தட்டை அஞ்சலை அத்தைதான் ஏந்தி வர வேண்டும், நீங்களும் அம்மாவும் நேரில் போய்த் தாம்பூலம் வைத்துக் கூப்பிடுங்கள்' என்று கேட்டிருந்தாய். அதோடு விட்டாயா? 'மலர் மட்டும் அந்தக் கேசட்டை அடுப்பில் போடாமல் இருந்திருந்தால் கல்யாண வீட்டில் போட்டுக் காட்டியிருக்கலாம்' என்று தங்கையையும் ஒரு குத்து குத்தியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்காகத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தகப்பன் எழுதுகிற கடிதம் என்றால் அதில் புத்திமதி இருக்க வேண்டும். பெண்டாட்டியை மதித்து நட, சம்பளத்தைச் சிக்கனமாக வை, குடியைத் தொடாதே என்று எல்லாத் தகப்பனும் எழுதுவதை நானும் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். மூன்று நாள் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கும்போது, இதைச் சொல்ல இவன் யார் என்று எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. கிழித்துப் போட்டேன். உன் அம்மா கூட்டும்போது அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டு, பத்து வருஷமாகத் தாள் வாங்காத மனுஷனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டாள். புதன்கிழமை அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்லப் போகிறேன்.

அந்த ரேடியோ நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த உன் மாமா, கேசட் போடுகிற ரேடியோ ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கூடவே ஒரே ஒரு கேசட். மேலே பச்சை நிறத்தில் ஓர் அரக்கன் படம், பெரிய ஜாடி மேல் உட்கார்ந்து தூங்குவது போல. ஏதோ சினிமாப் பாட்டு வாங்கி வந்திருப்பான் என்று நான் எதிர்பார்த்தேன்; பிள்ளைக் கதையை வாங்கி வந்திருக்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. அந்தக் கடுப்பு அன்று மாலை வரைக்கும்கூட நிற்கவில்லை. ஒரு வறண்ட நாட்டில் பெய்ய வேண்டிய மழையையெல்லாம் அரக்கன் ஜாடியில் அடைத்து அதன் மேல் உட்கார்ந்து தூங்குகிறான். பவளம் என்ற சின்னப் பெண் ஒரு பறக்கும் ஆமையில் ஏறி அதை மீட்கப் போகிறாள். அந்த ஆமை சரியான சோம்பேறி, வெற்றிலை மடித்துக் கொடுத்தால்தான் பறக்கும். முதல் பக்கம் முழுக்கப் பயணம். இரண்டாம் பக்கத்தில்தான் அரக்கன் விழிப்பான். இப்போது எழுதும்போதுகூட அந்த ஆமையின் கொட்டாவி என் காதில் கேட்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளில் அப்போது மாலையில்தான் விளக்கு வரும். ஞாயிறு மத்தியானம் கேட்க வேண்டுமென்றால் பேட்டரிதான். மலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று உன் அம்மா அதை அடுப்பு மேட்டில் வைத்துச் சூடு காட்டிக் கொடுப்பாள். பேட்டரி இறங்க இறங்கக் கதை இழுக்கும், பவளத்தின் குரல் ஆண் குரலாகும், அரக்கன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவான். அதுதான் பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டம். நீ எல்லா வசனத்தையும் முன்கூட்டியே வாயசைப்பாய். ஐந்து வயது மலர், அரக்கன் விழிக்கப் போகிறான் என்றதும் அம்மாவின் கைலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, முழித்துவிட்டானா முழித்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உன் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த நாட்களில்தான் பார்த்தேன், அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நான் மட்டும் என்ன? அரக்கன் வாரா வாரம் அதே இடத்தில்தான் தும்முவான், வாரா வாரம் நானும் அதே இடத்தில் சிரிப்பேன். ஆனால் பொத்தானை அழுத்துகிற உரிமை என் கைக்கு மட்டும்தான். வேறு யாராவது தொட்டால் விரலில் ஓர் அடி. தோட்டத்து மேனேஜர் துரை வீட்டுக் காரையே நான் ஓட்டுகிற மாதிரி ஒரு பெருமை எனக்கு.

ஒரு மாதத்தில் நம் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. முதலில் பிள்ளைகள், பிறகு அவர்களைக் கூப்பிட வந்த தாய்மார்கள், பிறகு தேநீர் குடிக்க ஆண்கள். அவர்களில் அஞ்சலைதான் நம் வீட்டு அரக்கன். பேட்டரி படுத்துவிட்டால் அவள் விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்வாள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள், கணவனும் இரண்டு பிள்ளைகளும். என்னை அண்ணே என்பாள், நீ அத்தை என்பாய். கொழுந்து வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, குரலும் அப்படித்தான், இந்த மலையில் கத்தினால் அந்த மலையில் கேட்கும். முதல் நாள் கதை கேட்டுவிட்டு அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "ஏன்லா அந்தப் பொண்ணு மெனக்கெட்டு மழைய புடுங்கிட்டு வருது? அந்த அரக்கன நம்ம தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க அண்ணே. இங்க பெய்யிற மழைய பூரா ஜாடியில அடைச்சுக்கிட்டுப் போகட்டும், நான் ஆடு வெட்டிப் பூச போடறேன்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு நம் வாசலில் இருந்த பிள்ளைகள் ஒருவர்கூடப் பவளம் பக்கம் இல்லை, எல்லாரும் அரக்கன் கட்சி.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. நீ சின்னப் பையன், உனக்குத் தெரிந்திருக்காது. மழை நாளில் வெட்டும் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், அதனால் நிறுவையில் கொஞ்சம் கழிப்பார்கள். அது நியாயம்தான், யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பளிச்சென்று வெயிலடித்த நாளிலும் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி தண்ணீர் கழித்தார். பெண்கள் முதுகு ஒடிய வெட்டிக் கொண்டுவந்ததில் ஒரு பங்கு காற்றில் போனது. கதை முடிந்து பிள்ளைகள் விளையாட ஓடியதும் பெரியவர்கள் பேசுவது இதைத்தான். பேச்சை எடுப்பது அஞ்சலைதான். நானும் தலையாட்டுவேன், அநியாயம் என்பேன், ஒருமுறை கிராணியை வாயில் வந்தபடி திட்டியும் இருக்கிறேன். அன்றைக்குத் தலையாட்டிய அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கு எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை கிராணி என்னை ஆபீசுக்குப் பின்னால் கூப்பிட்டார். வாய் நிறைய வெற்றிலை. பேசும்போது என் சட்டையில் இரண்டு துளி தெறித்தது, அவர் முன்னால் துடைக்கக்கூடாது என்று அப்படியே நின்றேன். "என்னப்பா, ஒன் வீட்டுல ஞாயித்துக்கெழம சினிமாக் கொட்டாய் நடக்குதாம்?" என்றார். "பிள்ளைங்க கதை கேக்குதுங்க ஐயா" என்றேன். "கத முடிஞ்சப்புறம் பெருசுங்க என்னா கத பேசுது?" அவரே சொன்னார். "அந்த அஞ்சலை என்னமோ திட்டம் போடறாளாம்லா. நான் போய்ச் சொன்னா தொர நம்ப மாட்டாரு, ஆள் நல்லா வெட்டுறவனு தூக்கி வச்சிப் பேசுவாரு. அவ வாயாலயே கேக்கணும் அவரு. ஒன்கிட்டதான் மெசின் இருக்கே." பிறகு, ஆலையில் கங்காணி இடம் காலியாகப் போகிறது என்றார். ஆறாம் வகுப்பு முடிக்கப்போகிற உன்னை டவுன் பள்ளிக்கு எப்படி அனுப்பப் போகிறாய் என்று கேட்டார். ஆபீஸ் ஸ்டாஃப் பிள்ளைகள் போகும் வேனில் ஓர் இடம் இருக்கிறது என்றார்.

உனக்காகச் செய்தேன் என்று இந்த இடத்தில் எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எழுதினால் நீயும் ஒருவேளை மனம் இளகுவாய். ஆனால் பொய். வேன் என்று அவர் சொன்னபோது நான் உன்னை நினைத்தேன் என்பது உண்மைதான், அதற்கு முன்னாலேயே கங்காணி என்று அவர் சொல்லிவிட்டாரே. கங்காணித் தொப்பியோடு பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும் இடத்தில் நான் நிற்பதைத்தான் முதலில் நினைத்தேன். துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்று தலைத்துண்டை எடுத்த ஆள் நான். எனக்கும் நாலு பேர் அப்படி இறங்கி நிற்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். "புது கேசட் வாங்காத, கடைக்காரன் கேப்பான். இருக்குறதுலயே புடி" என்று வழியும் சொல்லிக் கொடுத்தார். கடையில் விற்கும் கதைக் கேசட்டில் வேறு எதையும் பதியக்கூடாது என்று அதன் முதுகில் சின்னப் பொந்து விட்டிருப்பார்கள். அதை அடைத்தால் போதும். சனிக்கிழமை சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஊக்கின் முனையால் அந்தப் பொந்துக்குள் திணித்தேன். நீ பக்கத்தில் வந்து, என்னப்பா ரிப்பேரா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வருவதாக இல்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்தாள். நான் அவள் வாசலுக்குப் போனேன், சேகர். நானே நடந்து போய், "என்ன அஞ்சலை, அரக்கன் இல்லாம கதை போட்டா பிள்ளைங்க என்னை சும்மா விடுமா? தூக்கிட்டு வாம்மா பையன" என்று கூப்பிட்டேன். அவள் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டேன், அரக்கன் விழிக்கப் போகிற இடம் வந்தது, நான் நிறுத்தினேன். பேட்டரி போய்விட்டது, சூடு காட்டிவிட்டுப் போடலாம், போய் விளையாடுங்கள் என்றேன். பேட்டரி புதுசு, அன்று காலையில்தான் வாங்கியிருந்தேன். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு ஓடின. எல்லாரும் தேநீர்க் குவளையை எடுக்கும் நேரத்தில் குரல் பதிகிற இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டேன். தூசு படக்கூடாது பார்.

அஞ்சலை சொன்னதை என்னால் ஓர் எழுத்து தவறாமல் சொல்ல முடியும். "புதங்கெழம நிறுவையில யாரும் கூடைய எறக்காதீங்க. முதுகுலயே வச்சுக்கிட்டு நில்லுங்க. கொழுந்து சூடேறிக் கெட்டா அவனுக்குத்தான நட்டம்? வெயில் நாளுல தண்ணி கழிக்க மாட்டேன்னு கிராணி எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும், அப்பறம் எறக்கலாம். சண்ட வேணாம், சத்தம் வேணாம், சும்மா நிப்போம்லா." எவ்வளவு சின்ன விஷயம் பார். சும்மா நிற்பது. ஆண்கள்கூட அதற்குப் பயந்தார்கள், அவள்தான் தைரியம் சொன்னாள். அந்த நேரத்தில் மலர் உள்ளே வந்து என் தொடையைப் பிடித்துக்கொண்டு, அரக்கன் எப்போது முழிப்பான் என்று கேட்டாள். இப்போ முழிப்பான், போ என்று அவளைத் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை பெரட்டில் அஞ்சலையையும் அவள் கணவனையும் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்ய லயத்து முன்னால் லோரி வந்து நின்றது. பானை சட்டி, பாய், கோழிக்கூடு, சின்னவனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. கூடையை இறக்காமல் நிற்பதாகச் சொன்ன பெண்கள் எல்லாரும் அன்று மலையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி நிமிரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல முடியுமா? நீ பள்ளியிலிருந்து வந்தவன் லோரிக்குப் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினாய். நான் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீ கேசட்டைக் கேட்டாய். அது ஆபீஸ் மேசைக்குப் போனது திரும்பி வரவே இல்லை. என்ன சொல்வது என்று நான் யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. மலர் அடுப்பில் போட்டுவிட்டாள் என்றேன். உன் அம்மா கரண்டியால் அவளுக்கு இரண்டு வைத்தாள். நீ உன் பங்குக்குத் தலையில் குட்டினாய். அந்தப் பிள்ளை முதலில் இல்லை இல்லை என்று அழுதது, பிறகு நம் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள், சின்ன வயதில் நான் ஒரு கேசட்டை அடுப்பில் போட்டுக் கருக்கியவள் என்று. எரிகிற பிளாஸ்டிக் நாற்றம்கூட அவளுக்கு நினைவிருக்கிறதாம். நடக்காத ஒன்றின் நாற்றத்தை என் பிள்ளை மூக்கில் ஏற்றியவன் நான். நான் செய்ததிலேயே எது கேவலம் என்று நீ கேட்டால், எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதம் முடிவதற்குள் கங்காணி ஆனேன். ஆலைக்குப் பக்கத்தில் தனிச் சமையலறை உள்ள வீடு கிடைத்தது, நீ வேனில் போனாய். தண்ணீர் கழிப்பது நிற்கவில்லை. என் கண் முன்னாலேயே கழித்தார்கள், நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நம் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கதை கேட்கவில்லை, கவனித்தாயா? மாமா வேறு கேசட்டுகள் கொண்டுவந்தான், நான் போடவில்லை. மெசின் கெட்டுவிட்டது என்று பரண் மேல் ஏற்றினேன். ஆலை மாடியில் வாடுகிற கொழுந்தின் வாசனையை எல்லாரும் நல்ல வாசனை என்பார்கள். எனக்கு அது அழுகல் நாற்றமாகவே அடித்தது, கங்காணியாக இருந்த காலம் முழுவதும். அந்தக் காலம் நல்ல காலம், தோட்டத்து ஜனங்கள் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று கோயில் திருவிழாவில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். உனக்கு அது என் முன்கோபம் என்று தோன்றியிருக்கும்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு மூட்டு வலி, வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். தனியாகப் போனால் சமாளித்துவிடலாம் என்று ஒரு கணக்கு, பார், இத்தனை வயதுக்குப் பிறகும் புத்தி எங்கே போகிறது. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தை ஒட்டி அஞ்சலையின் பலகை வீடு. கோழி எரு மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து முட்டைக்கோஸின் அழுகிய மேல் இலைகளை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணே, ஒக்காருங்க" என்றாள். தேநீர் கொடுத்தாள். உன்னைப் பற்றி, மலரைப் பற்றி, உன் அம்மாவின் முழங்காலைப் பற்றியெல்லாம் விசாரித்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டே தட்டை நீட்டினேன். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே அழைப்பிதழ். அவள் தட்டைத் தொடவில்லை. அழைப்பிதழை மட்டும் எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள், கடைசி வரி வரைக்கும்.

"இதுல கூப்புடறது நீங்கதான, அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம், பெற்றவர்கள்தானே கூப்பிட வேண்டும் என்றேன். "நீங்க கூப்புட்டு ஒருவாட்டி ஒங்க வீட்டுக்கு வந்தேன். போதும்லா" என்று அழைப்பிதழைத் தட்டிலேயே வைத்தாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது? அவள் இலையை உரித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கே தெரியும். ஆபீஸ்ல மேச மேல வச்சு சுத்தி விட்டாங்க. மொதல்ல ஆம கொட்டாவி விட்டுச்சு. நான் வேற, என்னடா நம்ம கதையா இருக்குன்னு சிரிச்சிட்டேன் அண்ணே. தொர மூஞ்சிக்கு முன்னாலயே சிரிச்சேன். அப்பறந்தான் என் கொரல் வந்துச்சு. நடுவுல ஒங்க மலரு வந்து அரக்கன் எப்ப முழிப்பான்னு கேட்டுச்சு. கிராணி சிரிச்சாரு." ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "யாருகிட்ட சொல்றது? லோரி நிக்குது, சட்டிய ஏத்தவே நேரம் பத்தல. பின்னாலேயே ஒங்க மவன் அத்த அத்தன்னு ஓடியாறான். ஒங்கப்பன் இப்படினு அவன்கிட்ட சொல்லவா? பன்னெண்டு வயசுப் புள்ள." அவளுடைய மூத்த மகன் அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்கும் அந்தக் காய்கறித் தோட்டத்தில் எரு சுமக்கிறான். நான் உட்கார்ந்திருந்தபோது மூட்டையோடு எங்களைக் கடந்து போனான், மாமா என்று தலையாட்டினான். உன் வேனில் அவனும் போயிருக்க வேண்டிய வயது.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதம்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது, கிராணி முன்னால் நிற்பது போலவே உடம்பு வளைந்தது. அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டாள். "அதெல்லாம் ஒங்க பாடு. சேகர் கூப்புட்டா எனக்கு வரணும்னு ஆசதான். தாலித் தட்டு நாந்தான் தூக்கணும்னு கடத்தெருவுலயே சொன்னான், அன்னிக்கு ஃபுல்லா எனக்கு சோறு எறங்கல சந்தோசத்துல. ஆனா ஒண்ணும் தெரியாத புள்ள கூப்புட்டு நான் வந்து நின்னா, அவன நானும் ஏமாத்துன மாதிரி ஆயிரும். நீங்க அவன்கிட்ட சொல்லுங்க. தெரிஞ்ச பெறகும் அவன் கூப்புட்டா வாரேன்." பிறகு, மழை வரும் போலிருக்கிறது, நனையாமல் போங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துத் தட்டை அதில் போட்டுத் தந்தாள்.

உன் அம்மா புதன்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், அவ்வளவுதான். நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்ப மலர எதுக்கு அடிச்சேன்?" மலர் டவுனில் வேலை முடிந்து சனிக்கிழமை வருகிறாள், அவளிடமும் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முன்னால் நீ போனிலோ கடிதத்திலோ சொல்லிவிடாதே, அந்த ஒரு வேலையையாவது நான் ஒழுங்காகச் செய்கிறேன்.

புத்திமதி வேண்டுமென்றால் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், நீயும் ஒரு ரேடியோவைச் சுற்றி அவர்களை உட்கார வைப்பாய், பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். வீட்டுக்குள் வந்து சிரித்துவிட்டுப் போகிறவர்கள், சிரிக்கும்போது காவல் இல்லாமல் இருப்பார்கள். அவர்களைப் பற்றி வெளியே யாராவது இனிமையாக விசாரித்தால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடு. என்ன கிடைக்கும் என்று கேட்கக்கூட நிற்காதே. நான் கேட்க நின்றேன்.

அழைப்பிதழ் தட்டு அலமாரி மேல் இருக்கிறது, வெற்றிலை வாடிவிட்டது, அதை எடுத்துக்கொண்டு நான் இனி எங்கும் போகப் போவதில்லை. இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும், என்னைத் திட்டி எழுத வேண்டுமென்றால் எழுது, படிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு லெம்பா பெர்த்தாமுக்குப் போ. என் பெயர் போட்ட அழைப்பிதழ் வேண்டாம், வெறுங்கையோடு போய் உன் வாயால் அத்தையைக் கூப்பிடு. என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவள் வருகிறேன் என்று சொன்ன பிறகு யோசித்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா